'தாங்காது' என்னும் தயவு

வீட்டில் வளரும் சிறிய நாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லும்போது, தமிழ்நாட்டு நகர்ப்புறக் குடும்பங்களில் எழும் மறுப்பு பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: 'தாங்காது'. ஐந்தாறு கிலோ எடையுள்ள உயிர் மயக்க மருந்தைத் தாங்காது, வயிற்றில் கத்தி வைத்தால் தாங்காது, பிறகு வரும் வலியைத் தாங்காது என்று அந்தச் சொல் பலவாறு விரிகிறது. அதற்குத் துணையாக, பெட்டை நாய் ஒருமுறையாவது குட்டி போட்ட பிறகே அறுவை செய்யலாம் என்றும், கருத்தடை என்பது தெருநாய்க்கு உரிய காரியம், கதவுக்குள் வளரும் நாய்க்கு அது எதற்கு என்றும், எப்படிப் பார்த்தாலும் அது இயற்கைக்கு விரோதம் என்றும் வேறு வாதங்கள் வந்து சேர்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவற்றின் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: அறுவை செய்வது ஒரு செயல், அதில் ஆபத்து உண்டு; செய்யாமல் விடுவது செயலே இல்லை, ஆகவே அதில் ஆபத்தும் இல்லை. சிறிய நாயின் உடலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழாகப் போடப்பட்டது என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பெட்டை நாய்க்குச் செய்யப்படும் அறுவையில், தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றின் நடுக்கோட்டில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலையும் அதன் அடியிலுள்ள சுவரையும் பிரித்து, முட்டை உருவாகும் உறுப்புகளான இரு சினைப்பைகளையும், பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும், இரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைகளை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவிடும் முறையும் சில நாடுகளில் வழக்கில் உண்டு. ஆண் நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை; விதைப்பைக்குச் சற்று முன்னே ஒரு சிறு கீறலிட்டு, இரு விதைகளையும் அதன் வழியே வெளியே தள்ளி, குழாய்களைக் கட்டி நீக்கிவிடுகிறார்கள். மனிதர்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமென்றாலும் ஒப்பீடு பொருந்தாது. அங்கே குழாய் மட்டும் துண்டிக்கப்பட்டு ஹார்மோன் சுரக்கும் உறுப்பு உள்ளேயே இருக்க, இங்கே அந்த உறுப்பே அகற்றப்படுகிறது. இந்த அறுவையின் நன்மைகளும் குறைகளும் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

இயற்கைக்கு விரோதம் என்னும் வாதத்தோடு நெடுநேரம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பொலிகாளையையும் உழவு மாட்டையும் வேறுவேறாகப் பிரித்து வைத்து, 'காயடித்தல்' என்ற சொல்லைக் கூச்சமின்றிப் புழங்கி, ஏரும் வண்டியும் இழுக்க வேண்டிய காளைகளுக்கு மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாமல் விதைகளை நசுக்கிவிட்டு வந்த ஒரு வேளாண் சமூகத்தின் பிள்ளைகள், மயக்கமும் வலிநிவாரணியும் கொடுத்துச் செய்யப்படும் அறுவையை நாய் என்றவுடன் பாவம் என்று சொல்வதில் கொள்கை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. தவிரவும், சப்பை மூக்குள்ள பக் நாயும் முகத்தில் சடை விழும் ஷி சூவும் மனிதர் பல தலைமுறைகளாகத் தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்து உருவாக்கிய உடல்கள்; அவற்றின் குறுகிய மூச்சுவழியை இயற்கையின் கொடை என்று சொல்வதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

மயக்க மருந்து பற்றிய அச்சத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை உண்டு. தவறாக இருப்பது அதன் அளவு. பிரிட்டனில் பிராட்பெல்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 98,000 நாய்களின் மயக்க மருந்துப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. உடல்நலம் உள்ள நாய்களில் மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் 0.05 விழுக்காடு, அதாவது சுமார் 1,850-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய்களில் அது 1.33 விழுக்காடு, அதாவது 75-க்கு ஒன்று. 5 கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு அபாயம் கூடுதல் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 'தாங்காது' என்பவர்கள் இந்த ஆதாரத்தை எடுத்துக் காட்டுவதில்லை. காட்டினால் அது நேர்மையான ஆதாரமாகவே இருக்கும். ஆனால் அதே ஆய்வில் நலமுள்ள நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் இடையே கிடக்கும் இருபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி சொல்லும் செய்தி வேறு. சிறிய நாய்க்கு என்றேனும் ஒருநாள் வயிற்றைத் திறக்க வேண்டி வருமானால், அது நலமாக இருக்கும் நாளில் திறப்பதற்கும் நஞ்சேறிக் கிடக்கும் இரவில் திறப்பதற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் அந்த எண்கள் அளக்கின்றன. பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் கணக்கை இங்குள்ள ஒவ்வொரு சிறு கிளினிக்குக்கும் அப்படியே பொருத்த முடியாது என்று சொல்லலாம், சரியே. ஆனால் வசதிக் குறைவால் கூடும் அபாயத்தை நலமுள்ள நாயின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நள்ளிரவில் அவசர அறுவைக்கு வரும் நாயை அது இன்னும் கடுமையாகத் தாக்கும்.

சிறிய உடல் என்பது எந்த வகையில் இடர் தருகிறது என்று விளக்கினால் அச்சம் கவனமாக மாறக்கூடும். உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடுகிறது. அதனால் மயக்கத்தில் கிடக்கும் நாலு கிலோ நாய், முடி மழித்த வயிற்றோடும் ஈரப் பஞ்சோடும் குளிரூட்டிய அறையில் கிடக்கையில், நாற்பது கிலோ நாயைவிட மிக விரைவாகச் சூட்டை இழக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. அது பல பாகை இறங்கினால் மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகமும் மயக்கம் தெளியும் வேகமும் சேர்ந்தே குறைகின்றன. இதற்கான மாற்று, மேசையில் வெதுவெதுப்பான விரிப்பும் நாயைச் சுற்றிய துணியும்தான். இரண்டாவது இடர் சர்க்கரை. இரவு எட்டு மணிக்குச் சோற்றை நிறுத்தி மறுநாள் நண்பகலில் அறுவை என்பது பெரிய நாய்க்குப் பொருட்டில்லை. இரண்டு கிலோ குட்டிக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்து அதுவே மயக்கத்தின் ஆபத்தாகிவிடும், ஆகவே மிகச் சிறிய நாய்களையும் குட்டிகளையும் நீண்ட பட்டினி போடாமல் காலையில் முதல் ஆளாக மேசைக்கு எடுக்க வேண்டும். பக், ஷி சூ போன்ற சப்பை மூக்கு நாய்களின் ஆபத்து மூச்சில் இருக்கிறது. தொண்டைக்குள் செருகிய குழலை, நாய் தானாகவே விழுங்க முயன்று தலையைத் தூக்கும்வரை எடுக்கக் கூடாது. சீக்கிரம் எடுத்துவிட்டால் தளர்ந்த தொண்டைச் சதையே மூச்சை அடைக்கும். மேற்சொன்ன பிரிட்டிஷ் ஆய்வில் நாய்களின் மரணங்களில் ஏறத்தாழ பாதி அறுவை முடிந்த பிறகே நேர்ந்தன, அவற்றிலும் பெரும்பகுதி முதல் 3 மணி நேரத்தில். தையல் போட்டு முடித்ததும் நாயைப் போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிடும் கிளினிக்கைத் தேர்வதும், மயக்கம் தெளியும்வரை ஒரு கண் வைத்திருக்கும் கிளினிக்கைத் தேர்வதும் நாயின் எடையைவிட அதிகமாக முடிவைத் தீர்மானிக்கின்றன. வாயுவாகச் செலுத்தும் ஐசோஃபுளூரேன் உண்டா, அல்லது சைலசீன், கெட்டமின் ஊசிகளை மட்டும் நம்பிச் செய்கிறார்களா, முன்காலில் வென்ஃப்ளான் போட்டு நரம்பு வழியைத் திறந்து வைக்கிறார்களா என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.

கதவுக்குள் வளரும் நாய்க்கு இது எதற்கு என்னும் வாதத்துக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960-களில் தொடங்கி, 1990-களில் மாநகராட்சி ஏற்றுக்கொண்டு, 2001-இலும் 2023-இலும் நடுவண் அரசின் விதிகளாக உருப்பெற்ற தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தின் வழியாகத்தான் பெரும்பாலான மக்கள் இந்த அறுவையைக் கேள்விப்பட்டார்கள். வண்டியில் பிடித்துப்போய், அறுத்து, காது நுனியில் வெட்டு வைத்துத் திரும்ப விடும் காட்சியே அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது. அந்த அடையாள வெட்டு தெருநாய்க்கு மட்டுமே உரியது. வீட்டு நாய்க்குக் கருத்தடையின் நோக்கமும் வேறு. அங்கே அது கூட்டத்தின் எண்ணிக்கையைப் பற்றியது, இங்கே தனி உடலின் நலத்தைப் பற்றியது. கதவு காக்கும் என்பதும் அனுபவம் ஒப்புக்கொள்ளாத நம்பிக்கை. சிறிய இனப் பெட்டை ஆறு முதல் பத்து மாதத்தில் முதன்முறையாகப் பருவத்துக்கு வருகிறது, பேச்சு வழக்கில் 'ஹீட்டுக்கு வருகிறது'. அது ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்து, சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்புகிறது. இதில் மிகவும் பரவலான பிழை ஒன்று உண்டு. இரத்தம் சொட்டும் முதல் எட்டொன்பது நாளும் நாயைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டு, கசிவு வெளுத்ததும் 'நின்றுவிட்டது' என்று மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ விடுகிறார்கள். உண்மையில் ஆண் நாயை அது ஏற்றுக்கொள்ளத் தொடங்குவதே அந்த வெளிறிய நாட்களில்தான். வாசல் கம்பிக்கு அப்பால் நிற்கும் நாட்டு நாய் பதினெட்டு இருபது கிலோ; உள்ளே இருப்பது ஐந்து கிலோ. அந்த இணைப்பில் உருவாகும் குட்டியின் தலை எந்த இடுப்பெலும்பின் வழியே வெளியேற வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண் நாயின் கதையும் வேறில்லை. ஒரு மாலை வெளியே ஓடித் திரும்பிய சிறிய ஆண் நாய் பின்னாளில் பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் ஒழுக வந்து நிற்கும் காட்சி இந்நாட்டுக் கால்நடை மருத்துவமனைகளில் புதிதன்று. இணைசேர்கையில் உயிருள்ள புற்றணுக்களே ஒரு நாயின் உடலிலிருந்து மற்றொன்றின் உடலுக்குக் குடியேறி வளரும் அரிய வகைப் புற்றுநோய் அது. வின்கிரிஸ்டின் ஊசியை வாரந்தோறும் போட்டுப் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம் என்பது ஆறுதல்.

ஒருமுறை குட்டி போட்ட பிறகு செய்யலாம் என்னும் அறிவுரைக்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை. தாய்மை அடைந்தால்தான் பெண் முழுமை பெறுவாள் என்ற மனிதக் கற்பிதத்தை நாயின் மேல் ஏற்றிவைத்ததைத் தவிர அதில் வேறொன்றும் காணப்படவில்லை. சிறிய நாயைப் பொறுத்தவரை அந்த 'ஒருமுறை'தான் அதன் வாழ்வின் மிக ஆபத்தான ஒன்பது வாரமும் அதைத் தொடரும் நான்கு வாரமும் ஆகும். குறு இனங்களில் வயிற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே உருவாவது உண்டு. இடம் தாராளமாக இருப்பதால் அவை பெரிதாக வளர்ந்து, பெரிய தலையோடு பிறப்புவழியில் சிக்கிக்கொள்ள, வயிற்றைத் திறந்தே எடுக்க வேண்டி வருகிறது. எந்த அறுவையை 'தாங்காது' என்று தவிர்த்தார்களோ அதைவிடப் பெரிய அறுவை, களைத்துப்போன உடலில், நேரம் காலம் பார்க்காமல் நடக்கிறது. நல்லபடியாக ஈன்றுவிட்டாலும் கதை முடிவதில்லை. குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகி, பால் உச்சத்தில் சுரக்கும்போது, ஆறு கிலோத் தாயின் இரத்தத்திலுள்ள கால்சியம் பாலோடு போய்விடுகிறது. காலையில் நாய் காரணமின்றி மூச்சு வாங்குகிறது, நிலைகொள்ளாமல் நடக்கிறது, நண்பகலில் பின்கால்கள் மரக்கட்டைபோல் விறைக்கின்றன, மாலைக்குள் உடல் முழுதும் நடுங்கி, வெப்பமானி 106 பாரன்ஹீட்டைத் தொடுகிறது. மாடு வளர்ப்போர் 'பால் காய்ச்சல்' என்று அறிந்த அதே கால்சியக் குறைவுதான் இது, ஆனால் பெயருக்கு மாறாக மாட்டில் உடல் குளிர்ந்துபோக, நாயில் கொதிக்கிறது. நரம்பு வழியே கால்சியத்தை இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றினால் சில நிமிடங்களில் நாய் எழுந்து நிற்கும். ஏற்ற ஆளில்லாத ஊரில் அது விடிவதற்குள் இறந்துபோகலாம். இந்நிலை பெரிய நாய்களைவிடச் சிறிய நாய்களிலேயே மிகுதி என்பதை, ஒருமுறை ஈனட்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் சொல்வதில்லை.

இணையே சேராமல், குட்டியே போடாமல் வைத்திருக்கிறோம் என்பாருக்கான விடை கருப்பையில் சீழ் கட்டும் நோய், மருத்துவர் மொழியில் 'பயோமெட்ரா'. பெட்டை நாயின் உடலுக்கு ஒரு விந்தையான ஏற்பாடு உண்டு: சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் கருவைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் ஏறத்தாழ இரண்டு மாதம் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது, சுரப்புகளை நிறைக்கிறது, கிருமியை வெளியேற்றும் சுருக்கங்களை அடக்குகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஆண்டுதோறும், வராத கருவுக்காக இப்படி ஆயத்தம் செய்து செய்து தடித்துப்போன கருப்பையில், நடுவயதுக்கு மேல் ஒருமுறை கிருமி புகுந்து தங்கினால் போதும். பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் நாய் தண்ணீர்ப் பாத்திரத்தைவிட்டு நகராமல் குடிக்கிறது, மீண்டும் மீண்டும் சிறுநீர் கழிக்கிறது, சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. வெயில் காலம், அதனால்தான் குடிக்கிறது என்று வீட்டில் விளக்கம் சொல்லப்படுகிறது. பங்குனி, சித்திரையில் இந்த விளக்கம் பல நாட்களை விழுங்கிவிடும். கருப்பை வாய் திறந்திருந்தால் துர்நாற்றமுள்ள கசிவு காட்டிக்கொடுக்கும். மூடியிருந்தால் எதுவும் வெளியே தெரியாமல், பென்சில் தடிமன்கூட இல்லாத கருப்பையின் இரு கிளைகள் சீழால் உப்பி வாழைப்பழம் போலாகி, வயிறு கனத்துத் தொங்கும். இப்போது செய்ய வேண்டியது அதே அறுவைதான். ஆனால் அப்போது நாய்க்கு ஏழெட்டு வயது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும், இரத்தத்தில் கிருமியின் நஞ்சு ஓடிக்கொண்டிருக்கும், கிழிந்துவிடக்கூடிய கருப்பையை விரல் நுனியால் ஏந்தி எடுக்க வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் தாங்காது என்று சொல்லப்பட்ட உடல் எட்டு வயதில் இதைத் தாங்க வேண்டும்.

அறுவை வேண்டாம், 'ஊசி போட்டு நிறுத்திவிடலாம்' என்னும் நடுவழி இன்னும் மோசமானது. பருவத்தைத் தள்ளிவைக்கும் ஊசிகள் பெரும்பாலும் புரொஜெஸ்டிரோனின் செயற்கை உறவினங்கள். அதாவது கருப்பையைத் தடிக்க வைத்து இந்நோய்க்கு வழிகோலும் அதே பொருளைக் கூடுதலாக உள்ளே செலுத்துகிறார்கள். தவறிப்போய் இணைசேர்ந்துவிட்ட பிறகு கருவைக் கலைக்கப் போடப்படும் ஈஸ்ட்ரோஜன் ஊசியும் கருப்பைச் சீழுக்குக் கதவு திறக்கும். எலும்பு மச்சையின் இரத்த உற்பத்தியையும் அது நசுக்கக்கூடும்.

மடிக்கட்டிகளைப் பற்றிக் கருத்தடை ஆதரவாளர்கள் சொல்லும் கணக்கில் மட்டும் சற்றுத் திருத்தம் தேவை. முதல் பருவத்துக்கு முன் அறுவை செய்தால் மார்புப் புற்றுநோய் வாய்ப்பு 0.5 விழுக்காடு, முதலுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26 என்று 1969-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த எண்கள் அறுவை செய்யாத நாய்க்குள்ள வாய்ப்பில் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பவை, நூறு நாய்களில் எத்தனை என்பதை அல்ல. 2012-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்டபோது சான்று பலவீனமானது என்றே முடிவுக்கு வந்தார்கள். பயன் இருக்கக்கூடும், ஆனால் சுவரொட்டியில் எழுதும் அளவுக்கு உறுதி இல்லை. கருத்தடைக்கு ஆதரவான வாதம் இந்தக் கணக்கை நம்பி நிற்க வேண்டியதில்லை. கருப்பைச் சீழ் ஒன்றே போதும்.

படித்த நாய்ப் பிரியர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு வேறு வகையானது. சீக்கிரம் கருத்தடை செய்தால் மூட்டு கெடும், தசைநார் அறுந்துபோகும், ஆகவே இரண்டு வயது வரை பொறுக்க வேண்டும் என்று அவர்கள் அயல்நாட்டு ஆய்வுகளைச் சுட்டுகிறார்கள். அந்த ஆய்வுகள் உண்மையானவை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013-இல் கோல்டன் ரிட்ரீவர்களில் இதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் அதே குழு 2020-இல் 35 இனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பெரிய இனங்களில் தெரிந்த மூட்டுக் கேடு சிறிய இனங்களில் தென்படவில்லை. கலப்பின நாய்களிலும் 20 கிலோவுக்குக் கீழே அந்த அபாயம் கூடவில்லை. காரணம் எளிது: விதையும் சினைப்பையும் சுரக்கும் ஹார்மோன்களே எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை மூடச் செய்கின்றன, மாதக்கணக்கில் வளரும் பெரிய நாயில் அவற்றை முன்கூட்டி நீக்கினால் எலும்பு நீண்டுவிடும், முன்னதாகவே வளர்ந்து முடியும் சிறிய நாயில் அதற்கு இடம் குறைவு. சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கசியும் கோளாறும் பெரிய பெட்டைகளிலேயே மிகுதி. விதிவிலக்கு உண்டு, ஷி சூ இனத்தில் அந்த 2020 ஆய்வு புற்றுநோய் கூடியதைக் கண்டது, ஆகவே அந்த இனத்தை வளர்ப்போர் அறுவைக்கான வயதைத் தனியே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சிறிய இன ஆணுக்கு ஆறு மாதம், பெட்டைக்கு முதல் பருவத்துக்கு முன்னால் ஐந்தாறு மாதம் என்று சொல்வதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இங்கே 'பொமரேனியன்' என்ற பெயரில் வளர்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. பெயர் எதுவானாலும் எடையின் கணக்கு இந்த வரம்புக்குள்ளேதான் அடங்கும்.

நார்வேயையும் சுவீடனையும் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அங்கே நாய்க்கு வழக்கமாகக் கருத்தடை செய்வதில்லை, நார்வேயின் சட்டம் தக்க காரணமின்றி அறுவை செய்வதை ஏற்பதுமில்லை. ஆனால் அங்கே நாய் வாரின்றித் தெருவில் நடப்பதில்லை, வாசலில் கூட்டமாய் நாய்கள் காத்திருப்பதில்லை, நோய் வந்தால் காப்பீடு பணம் கட்டுகிறது. அந்தச் சுவீடனின் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்துதான், கருத்தடை செய்யாத பெட்டைகளில் பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒன்று கருப்பைச் சீழுக்கு ஆளாகிறது என்ற கணக்கும் உலகுக்குக் கிடைத்தது.

அறுவை செய்தால் நாய் அடங்கிவிடும், குரைக்காது, கடிக்காது என்று ஆசை காட்டி இதைச் செய்யச் சொல்வோரும் கண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆண் ஹார்மோன் தூண்டும் அலைச்சலும், கால் தூக்கி மூலைக்கு மூலை நனைப்பதும், மேலேறுவதும் குறையக்கூடும். அச்சத்தால் வரும் சீற்றமோ அழைப்புமணி கேட்டுக் குரைப்பதோ விதையிலிருந்து பிறப்பவை அல்ல, கூச்ச சுபாவமுள்ள நாயில் சிலசமயம் அவை கூடவும் செய்யலாம். நாய் குண்டாகிவிடும் என்ற புகாரில் பாதி உண்மை. அறுவைக்குப் பின் உடலின் ஆற்றல் தேவை கால் பங்கு வரை குறைகிறது, பசியோ கூடுகிறது. பாத்திரம் பழைய அளவிலேயே நிறைந்தால் நாலு கிலோ நாய் ஓராண்டில் ஆறு கிலோவாகும். அந்தக் கால் பங்கைக் குறைத்துப் போடுவது கையின் வேலை.

அறுவை நாளிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று மாலை நாய் தள்ளாடும், முனகும், கண் செருகும்; முனகல் பெரும்பாலும் மயக்கத்தின் எச்சம், ஆயினும் வலிநிவாரணியை மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி தர வேண்டும், மனிதருக்கான பாராசிட்டமாலையோ புரூஃபெனையோ ஒருபோதும் கொடுக்கலாகாது. இரவு கால் பங்கு சோறு போதும். மறுநாள் காலை பெரும்பாலான சிறிய நாய்கள் ஒன்றும் நடவாதது போல் சோபாவில் தாவ முயலும். ஆபத்து தொடங்குவது அங்கேதான், ஏனெனில் உள்ளே போட்ட தையல் இன்னும் தசையைப் பிடிக்கவில்லை. பத்து முதல் பதினான்கு நாள் தாவல் இல்லை, குளியல் இல்லை, கழுத்தில் புனல் வடிவப் பட்டை இரவும் பகலும் உண்டு. 'பாவம்' என்று அதைக் கழற்றிய ஒரு மணி நேரத்தில் நாய் தன் தையலைத் தானே பிரித்துவிடும். காயத்தைச் சுற்றி லேசான தடிப்பும் ஆணுக்கு விதைப்பையில் சிறு வீக்கமும் இயல்பு. ஈறு வெளுத்துப்போதல், காயத்திலிருந்து நிற்காத சொட்டு, இரண்டாம் நாளும் சோற்றைத் தொடாமை இவை இயல்பல்ல. அறுவை முடிந்த ஆண் நாய்க்கு மேலும் சில வாரம் கருத்தரிக்க வைக்கும் ஆற்றல் குழாய்களில் எஞ்சியிருக்கும் என்பதால், அதே வீட்டில் பெட்டை இருந்தால் பிரித்து வைக்க வேண்டும். ஒரு விதை மட்டும் கீழிறங்கி மற்றொன்று வயிற்றிலேயே தங்கிவிட்ட நாயில் கருத்தடை விருப்பத்தைப் பொறுத்ததே அன்று; உடல் சூட்டில் கிடக்கும் அந்த விதையில் கட்டி உருவாகும் வாய்ப்பு பன்மடங்கு, இக்குறையும் சிறிய இனங்களில் அடிக்கடி காணப்படுவது. விழாமல் நிற்கும் பால் கோரைப்பற்களையும் தொப்புள் வீக்கத்தையும் அதே மயக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

'தாங்காது' என்ற சொல் பொருந்தும் இடங்களும் உண்டு. பருவத்தில் இருக்கும் பெட்டையில் இரத்த ஓட்டம் மிகுந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் தள்ளிச் செய்வது நல்லது. இதயத்தில் முணுமுணுப்பு கேட்கும் வயதான நாயை முதலில் இதய நோக்கில் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட இந்த வெப்ப நாட்டில் அறுவைக்கு முன் கேட்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காதிடுக்கிலும் கால்விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா என்ற கிருமி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தின்று தீர்க்கிறது. ஓடியாடிச் சோறு தின்னும் நாயிலும் எண்ணிக்கை பாதாளத்தில் கிடக்கலாம், அப்படிப்பட்ட நாயின் வயிற்றைத் திறந்தால் கட்டிய குழாயும் கசியும். அறுவைக்கு முன் முழு இரத்தப் பரிசோதனை, ஐயமிருந்தால் நான்கு வார டாக்சிசைக்ளின், மீண்டும் ஒரு பரிசோதனை என்று போனால் இதைத் தவிர்த்துவிடலாம். அந்த நாய்க்குத் தாங்காது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்; அவரும் அதைத் தட்டணு எண்ணிக்கை எழுதிய சீட்டைப் பார்த்து, அந்த நான்கு வாரத்துக்கு மட்டுமே சொல்வார்.